குளம் உடைந்த நாட்டின் வழியே

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலை ரிங்லெட்டைக் கடந்ததும் காற்றின் குணமே மாறிவிடும். பேராக் சமவெளியின் புழுக்கம் கீழே நின்றுவிட, பகாங் மலையின் குளிர் வந்து முகத்தைத் தொடும். இருபுறமும் சீராக மட்டம் வெட்டப்பட்ட தேயிலைச் செடிகள். அவற்றின் இடையே பாம்பென நெளியும் ஒற்றையடிப் பாதைகள். மலைச்சரிவின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் குடியிருப்புகள். அத்தகைய ஒரு தோட்டத்தில், கோயிலுக்கும் பால்வாடிக்கும் நடுவே ஒரு சிறு தமிழ்ப்பள்ளி. அங்கே நெடுங்காலம் தமிழும் வரலாறும் கற்பித்து வந்தார் ஓர் ஆசிரியர்.

பாடநூலுக்கு அப்பாலும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் ஆசை அவருக்கு உண்டு. தமிழ்மொழிக் கழகத்தின் வாராந்தரக் கூட்டத்தில் ஒருநாள் அவர் சோழர் கடல்கடந்த வரலாற்றைச் சொன்னார். 993ஆம் ஆண்டில் இராசராசனின் படை அநுராதபுரத்தைத் தாக்கியதையும், பொலன்னறுவையைத் தலைநகராக்கிச் சோழர் 1070 வரை ஆண்டதையும், இடையே 1025இல் இராசேந்திரன் கடாரத்தின்மேல் கலம் செலுத்தியதையும் வரைபடத்தில் கோடிட்டுக் காட்டினார். சோழருக்குப் பின் முதலாம் பராக்கிரமபாகு பொலன்னறுவையில் கட்டிய பெருங்குளத்தின் படத்தையும் காட்டினார். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கரை அது. மக்கள் அதைக் கடல் என்றே அழைத்தனர். பராக்கிரம சமுத்திரம் என்பது அதன் பெயர்.

ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, அவ்வளவு பெரிய குளம் கட்டினவங்க எல்லாம் அப்புறம் எங்கே போனாங்க?"

எதிரி வந்தான், அரசு வீழ்ந்தது என்று ஒரு வரியில் சொல்லி அமர்த்தியிருக்கலாம். ஆசிரியர் அவ்வாறு சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. பள்ளிகள் அடைக்கப்பட்டன. ஒரு தொற்றுநோயின் பெயரால் மலைச்சாலையில் தடுப்புகள் நின்றன. சுற்றுலாப் பேருந்துகள் இல்லாத தானா ராத்தா கடைத்தெருவில் நாய்கள் மட்டும் படுத்துக் கிடந்தன. வீட்டுக்குள் அடைபட்ட ஆசிரியர், அந்தச் சிறுவனின் வினாவைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினார்.

பண்டைப் பேரரசுகளைத் தொற்றுநோய் அசைத்த கதைகள் உலக வரலாற்றில் பல உள. யவனர் எனச் சங்கப் பாடல்கள் சுட்டும் மக்களுள் உரோமரும் அடங்குவர் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அந்த உரோமர், முசிறியில் மிளகு ஏற்றிச் சென்ற காலம் மங்குவதற்கு முன்பே ஒரு பெருநோய்க்கு ஆளாயினர். கி.பி. 165 அளவில், டைகிரிசு ஆற்றங்கரையிலிருந்த செலூக்கியா நகரைச் சூறையாடித் திரும்பிய படைவீரரோடு அந்நோய் மேற்கே சென்றது. அக்கால மருத்துவர் கேலன் எழுதிவைத்த கொப்புளக் குறிப்புகளைக் கொண்டு அது பெரியம்மையாக இருக்கலாம் என்று பலர் கருதுவர். மார்க்கசு அரேலியசு என்னும் மெய்யியல் அறிஞர் அரியணையில் இருந்த காலம் அது. டான்யூப் எல்லையில் போர் மூண்டிருக்க, படைக்கு ஆள் போதாமல் அடிமைகளையும் வாட்போர் வீரரையும் சேர்த்தார். கருவூலம் வற்றவே அரண்மனைப் பொருள்களை ஏலத்தில் விற்றார். பேரரசு வீழ்ந்துவிடவில்லை, ஆனால் அதன் பழைய உறுதி மீளவுமில்லை. அதே நூற்றாண்டில் சீனத்து ஹான் பேரரசையும் அடுத்தடுத்துக் கொள்ளைநோய்கள் தாக்கின. 184இல் அங்கே மூண்ட மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியின் தலைவன், நோய் தீர்ப்பவன் என்று பெயர் எடுத்தே மக்களைத் திரட்டியவன்.

ஆயினும் ஆசிரியரின் மனம் உரோமில் நிற்கவில்லை. சிறுவன் கேட்டது இலங்கையைப் பற்றி. அங்கே நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. தமிழருக்கு இன்னும் அணித்தானதும்கூட.

இலங்கையின் வடநடுப் பகுதி வறண்ட மண்டலம். ஆண்டின் சில மாதங்களே மழை பெய்யும். அந்த மழையைத் தேக்கியே ஓராயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு நாகரிகம் அங்கே செழித்தது. பராக்கிரமபாகு மட்டும் 163 பெருங்குளங்களையும் 2,376 சிறுகுளங்களையும் கட்டினான் அல்லது செப்பனிட்டான் என்று சூளவம்சம் கணக்கெழுதும். கணக்கில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். தரையில் கிடக்கும் குளங்கள் அப்புகழ்ச்சியைப் பெரிதும் மெய்ப்பிக்கவே செய்கின்றன. ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்துக்கு. அதன் மிச்சம் அதற்கடுத்த வயலுக்கு. மதகு திறப்பவன், கரை பார்ப்பவன், வண்டல் அள்ளும் ஊரார், முறை வகுக்கும் அதிகாரி என ஆயிரம் கைகள் இடையறாது வேலை செய்தால்தான் அந்த ஏற்பாடு உயிரோடிருக்கும்.

நோயை அறியாத நாடன்று அது. மூன்றாம் நூற்றாண்டில் சங்கபோதி என்னும் மன்னன் காலத்தில் செங்கண் பூதம் ஒன்று வந்ததாகவும், அதைக் கண்டவர் கண் சிவந்து மடிந்ததாகவும் மகாவம்சம் கூறும். பூதத்தை நீக்கிவிட்டு வாசித்தால் எஞ்சுவது ஒரு கொள்ளைநோய். மருத்துவத்தில் வல்லவனாகிய புத்ததாசன் என்னும் அரசனைப் பற்றியும் அவ்வேடுகள் பேசும். மிகிந்தலையில் பழைய மருத்துவமனையின் அடித்தளமும், நோயாளியைக் கிடத்தி மருந்துநீர் ஊற்றிய கல்தொட்டியும் இன்றும் காணக் கிடைக்கின்றன. தமிழகத்திலும் பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகச் சொல்வதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்வர். ஆக, நோய் வரும், அரசு அதை எதிர்கொள்ளும், நாடு மீளும். இதுவே பழைய நடைமுறை. ஒருமுறை மட்டும் நாடு மீளவில்லை.

1215இல் கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் படையில் கேரளரும் தமிழரும் இருந்தனர் என்று சூளவம்சம் கூறும். விகாரைகள் இடிந்தன, நிலங்கள் கைமாறின, நீர்முறை அறிந்த குடிகள் தெற்கே ஓடினர். இதை வாசித்தபோது ஆசிரியர் சிறிது நேரம் நூலை மூடி வைத்தார். இராசேந்திரன் கலம் செலுத்தியதைப் பெருமிதத்தோடு கூறும் வாய், மாகன் படையில் நின்ற தமிழரை விழுங்கிவிடலாகாது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்ல வேண்டும் என்று ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அதன்பின் தலைநகர் தம்பதெனியாவுக்கும், யாப்பகூவாவுக்கும், குருநாகலுக்கும், கம்பளைக்கும் என மெல்ல மெல்லத் தென்மேற்கே நகர்ந்தது. 1247இல் மலாய்த் தீபகற்பத்தின் தாம்பரலிங்கத்து அரசன் சந்திரபானுவும் இலங்கைமேல் படையெடுத்தான் என்பது மலேசியத் தமிழருக்குச் சுவைதரும் ஒரு செய்தி. ஆனால் வியப்பு அதிலில்லை. படையெடுப்புகள் முன்பும் நிகழ்ந்தன. முன்பெல்லாம் மக்கள் திரும்பி வந்து கரையைச் செப்பனிட்டனர். இம்முறை எழுநூறு ஆண்டுகள் ஒருவரும் பெருந்திரளாகத் திரும்பவில்லை. ஏன்?

1921இல் கொழும்பில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் இலூசியசு நிக்கோல்சு, அந்தப் பாழ்நகரங்களுக்குக் காரணம் மலேரியாவே என எழுதினார். கிரேக்கமும் உரோமும் தளர்ந்ததற்கு மலேரியா ஒரு மறக்கப்பட்ட காரணம் என்று 1907இல் ஜோன்சு என்னும் அறிஞர் நூல் எழுதியிருந்தார். நிக்கோல்சின் சிந்தனையும் அவ்வழியதே. 1957இல் ரோட்சு மர்பி என்னும் அமெரிக்கப் புவியியலாளர் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். கொசு வந்து நாடு அழியவில்லை. நீராட்சி குலைந்தபின் கொசு பெருகிற்று. பெருகிய கொசு மீள்குடியேற்றத்தைத் தடுத்தது என்பது அவர் கருத்தின் சாரம். தமிழறிஞர் கா. இந்திரபாலா 1971இல் பேராதனையில் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி இந்த வழக்கின் பல பக்கங்களையும் ஒருங்கே வைத்தது. படையெடுப்பு, ஆட்சிச் சிதைவு, வணிக மாற்றம், மலேரியா என்னும் காரணங்களுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை உதறுவார்க்கு அத்தொகுதி இடம் கொடாது.

மர்பியின் பக்கமே நியாயம் மிகுதி என்று ஆசிரியருக்குப் பட்டது. அதற்கு அந்தக் கொசுவின் இயல்பே சான்று. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய ஆனோபிலிசு கியூலிசிபேசீசு என்னும் கொசு, அசையாத, தெளிந்த, வெயில்படும் சிறு நீர்த்தேக்கங்களை விரும்புவது. நீர் நிறைந்து காற்றில் அலையடிக்கும் குளம் அதற்கு உகந்ததன்று. அங்கே புழுக்களைத் தின்ன மீன்களும் உண்டு. கரை உடைந்து, நீர் வடிந்து, ஆயிரம் குட்டைகளாகத் தங்கும் குளமே அதன் தொட்டில். அவ்வாறே நீரோடும் ஆறு அதற்குப் பகை. வற்றி மணலிடையே குழிகளாய் நிற்கும் ஆறு அதற்கு நட்பு. மலேரியா முன்னரே அங்கு இருந்திருக்கலாம். கரைகாத்த கைகள் இருந்தவரை அது ஒரு வழக்கமான காய்ச்சல். கைகள் அகன்றதும் அதுவே அந்நாட்டின் காவலன் ஆயிற்று. ஒருவரையும் உள்ளே விடாத காவலன்!

இதற்கு மெய்ச்சான்று போல் ஒரு பேரழிவு பிற்காலத்தில் நிகழ்ந்தது. 1934இல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் களனி கங்கையும் மெலிந்து குழிகளாயின. எப்போதும் நீரோடியதால் மலேரியாவை மிகுதியும் அறியாத குருநாகல், கேகாலை மாவட்டத்து மக்கள், நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத உடம்போடு அதன் வாயில் விழுந்தனர். சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆங்கில ஆட்சியின் மதிப்பும் அதனோடு சேர்ந்து இறங்கிற்று. கிராமம் கிராமமாகச் சென்று பருப்பும் மருந்தும் கொடுத்த இளைஞருள் பலர் 1935இல் இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சியை அமைத்தனர். அவர்களுள் ஒருவராகிய என்.எம். பெரேராவுக்குப் 'பருப்பு ஐயா' என்னும் பொருள்பட ஒரு பெயரே நிலைத்தது. 1936 தேர்தலில் அவர் வென்று சட்டசபை புகுந்தார். பண்டைய அரசை மீளவொட்டாமல் தடுத்த கொசு, புதிய பேரரசையும் ஓரிடத்தில் கடித்துவிட்டது என்று சொன்னால் அது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றும். ஆனால் உண்மை அதற்கு வெகுதொலைவில் இல்லை.

இனித்தான் கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு உரிய பகுதி வருகிறது.

கண்டியில் சிறைப்பட்டிருந்த இராபர்ட்டு நாக்சு என்னும் ஆங்கிலேயர் 1679இல் தப்பி ஓடியபோது, அநுராதபுரத்துக் காட்டைக் கடந்து மல்வத்து ஓயா வழியே அரிப்பு என்னும் கடற்கரைக் கோட்டையை அடைந்தார். வழிநெடுகச் சிதைந்த கற்றூண்களையும் ஆளில்லாக் காட்டையும் கண்டார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே காட்டுக்குள் எதிர்த்திசையிலிருந்து தமிழர் நடக்கத் தொடங்கினர். கண்டி மலையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைச் சீமைகளின் ஏழை மக்கள் தொண்டியிலும் பாம்பனிலும் படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை நடந்தனர். இடையே கிடந்ததெல்லாம் குளம் உடைந்த அந்தப் பழைய நாடு. குடிக்க நல்ல நீரில்லை; தங்கச் சத்திரமில்லை; கொசுவும் வாந்திபேதியும் வழித்துணை. 1841 முதல் 1849 வரை 70,000 பேர் இவ்வாறு மாண்டனர் எனக் கொழும்பு நாளேடு ஒன்று 1849இல் கணக்கிட்டது. அக்கணக்கு மிகையென்று மறுக்கும் வரலாற்றாளரும் உளர். மறுப்பவரும் சாவுகள் மிகப் பல என்பதை மறுக்கவில்லை. பெயர்ப்பட்டியல் மட்டும் எவரிடமும் இல்லை. மன்னன் கட்டிய குளங்களை ஒன்று, இரண்டு என எண்ணிவைத்த தீவில், அக்குளங்களின் சேற்றருகே விழுந்த கூலிகளை எண்ணுவார் இல்லாமற் போயிற்று.

நோய் மனிதரோடு நிற்கவில்லை. 1869இல் காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுக்குள் இலங்கையின் காப்பி அடியோடு சாய்ந்தது. தோட்ட முதலாளிகள் பலர் ஓட்டாண்டிகளாயினர். அவரை நம்பிய தொழிலாளர் அதைவிடக் கேடுற்றனர். 1867இலேயே ஜேம்சு டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி வீழ்ந்த நிலமெல்லாம் தேயிலையாயிற்று. அந்தத் தேயிலைத் தொழிலில் பழகிய மில்னே என்னும் தோட்டக்காரருடன் சேர்ந்து, ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் 1929இல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கை மலையில் ஓர் இலைநோய் பரவாதிருந்தால், கேமரன் மலையில் இன்று நிற்கும் தேயிலை இந்த வடிவில் வந்திருக்குமா என்பது ஐயமே. வந்திருக்கலாம், வேறு வழியில், வேறு காலத்தில்.

மலாயாவின் தாழ்நிலத்தில் அதற்குள் கொசுவோடு ஒரு பெரும்போர் நடந்திருந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் உறுதிசெய்த ரொனால்டு ரோசு, அதே ஆண்டில் நீலகிரிக்கு அருகே சீகூர்ப் பள்ளத்தில் ஆராயச் சென்று தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானவர். அவர் கண்ட உண்மையை மலாயாவில் கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் நடைமுறைப்படுத்தினார். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், சில மாதங்களிலேயே காய்ச்சலால் முடங்கியது. வாட்சன் சதுப்பை வடித்தார், காய்ச்சல் தணிந்தது. சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் கொசு குறைந்தது. அதே முறையை ரப்பர் தோட்டங்களின் குன்றுகளில் கையாண்டபோது காய்ச்சல் ஏறிற்று! குன்றுப் பகுதிக் கொசுவாகிய ஆனோபிலிசு மெக்குலேட்டசு வெயில்படும் தெளிந்த ஓடையை விரும்புவது. நிழல் தந்த காட்டை வெட்டி, அந்த ஓடையை அதற்குத் திறந்துவிட்டவர்கள் தோட்டக்காரர்களே. பின்னர் நிலத்தடிக் குழாய்களாலும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதாலும் அதை அடக்கினர். கூலி மடிந்தால் பால்வெட்டு நிற்கும். பால்வெட்டு நின்றால் இலண்டனில் பங்கு சரியும். இந்தக் கணக்கும் அப்போரில் பங்கு கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. வாட்சனின் உழைப்பு பெரிது. அவரால் பிழைத்த உயிர்கள் பல்லாயிரம். இரண்டும் உண்மை.

கேமரன் மலைக்கு இந்தப் போர் அவ்வளவாக ஏறவில்லை. தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை. அக்குளிரில் கொசுவின் உடலுள் மலேரியாக் கிருமி எளிதில் முதிர்வதில்லை. நுவரெலியா, உதகை, கேமரன் மலை என ஆங்கிலேயர் மலைமேல் இல்லங்கள் கட்டியதற்குக் குளிரை விரும்பியது ஒரு காரணம். காய்ச்சலுக்கு அஞ்சியது மற்றொன்று.

நடமாட்டக் கட்டுப்பாடு சிறிது தளர்ந்தபோது ஆசிரியர் பயிற்சித்தாள்களை எடுத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இணையப் பாடம் என்பது கைப்பேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்கிடும் வீட்டில் வெறும் சொல். கடைசி லயத்தில், குளத்தைப் பற்றிக் கேட்ட அச்சிறுவனின் வீடு. வாசலில் அவனுடைய கொள்ளுப்பாட்டி அமர்ந்திருந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேல். முகத்தில் துணி முகமூடி. கையில் தேய்ந்த மண்வெட்டி. வீட்டின் பின்புற வாய்க்காலில் தேங்கிய இலைகுப்பையைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்.

"ஏன் பாட்டி இந்தக் குளிரில் இந்த வேலை? பேரன் செய்யமாட்டானா?" என்றார் ஆசிரியர், நான்கடி தள்ளி நின்றபடியே.

"தண்ணி நிக்கக் கூடாது வாத்தியாரே. எங்கப்பா சொல்லிட்டுப் போனது" என்றார் பாட்டி.

அவர் தந்தை கீழே பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் தகரக் குடம், கையில் குழல். காலைப் பெரட்டு முடிந்ததும் காண்டாக்களின் கரையோரமாகப் போய் மாலையில் எண்ணெய் நாற்றத்தோடு திரும்புவார். வாரந்தோறும் கொய்னா கொடுக்க வரும் டிரெசருக்கு அஞ்சிப் பிள்ளைகள் ஒளிவதும், அந்தக் கசப்பு மறைய வாயில் சர்க்கரை போடுவதும் பாட்டிக்கு நேற்று நடந்தது போல நினைவிருக்கின்றன. 1943இல் ஆள்பிடிக்க வந்தவர்கள் தந்தையையும் சயாமுக்கு ஏற்றிப் போயினர். அப்போது பாட்டிக்கு எட்டு வயது இருக்கலாம்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். உலகின் கொய்னாவில் பெரும்பகுதியை விளைத்த ஜாவா 1942 மார்ச்சிலேயே ஜப்பானியர் கைக்கு வந்துவிட்டது. ஆகவே மருந்து ஒரு பேரரசின் பண்டகசாலையில் இருந்தது. அதே பேரரசின் பாதையில் மண் சுமந்தவர்கள் மருந்தின்றிக் காய்ச்சலில் கிடந்தனர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதை அமைத்த பேரரசு அதற்குப்பின் இரண்டாண்டுகூட நீடிக்கவில்லை.

"காய்ச்சல்லதான் போனாருன்னு திரும்பி வந்த ஒருத்தரு சொன்னாரு. அதுவும் மெய்யோ பொய்யோ! கொசுவுக்கு மருந்து அடிச்ச மனுசன் கொசுக்கடியிலயே போனாருன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி அழும்." பாட்டி இதைச் சொன்னபோது அவர் குரலில் அழுகை இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லி மழுங்கிய செய்தியாக அது வந்தது. போர் முடிந்தபின் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைத்தோட்டத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டார். "மேலே கொசு இல்லைன்னு மாமா காயிதம் போட்டாரு. அதுக்காகவே வந்தோம்."

ஆசிரியர் அவரிடம் தந்தையின் பெயரையும், பிறந்த ஊரையும், தோட்டத்தின் பெயரையும் கேட்டுப் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஊரின் பெயர் பாட்டிக்கு நினைவில்லை. திருச்சிப் பக்கம் என்பது மட்டும் தெரியும். தந்தையின் பெயரைச் சொன்னபின், "எதுக்கு வாத்தியாரே இதெல்லாம்? படிவம் ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார். படிவம் ஒன்றும் இல்லை என்றார் ஆசிரியர்.

கொசு வென்ற அந்தப் பழைய நாட்டின் கதைக்கும் ஒரு பிற்பகுதி உண்டு. 1946 முதல் இலங்கையில் டி.டி.டி. மருந்து அடிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் படுத்தனர். பின்னும் நெடுங்காலம் போராடி, 2016 செப்டம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்கு அளித்தது. கொசு விலகியதும் வறண்ட மண்டலத்துக் குளங்கள் செப்பனிடப்பட்டன. அரசு ஆதரவோடு புதுக்குடியேற்றங்கள் எழுந்தன. யாருடைய நிலத்தில் யாரைக் குடியேற்றுவது என்னும் வழக்கும் அதனோடு எழுந்து, தமிழருக்கும் சிங்களருக்கும் இடையே ஆறாப் புண்ணாயிற்று. எழுநூறு ஆண்டுகள் அந்தக் காட்டை யாருக்கும் விடாமல் காத்திருந்த காய்ச்சல் நீங்கிய மறுகணமே மனிதர் அதற்காக மோதிக்கொண்டனர். மலேசியாவில், மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் காணப்படவில்லை. குரங்கிலிருந்து வரும் ஒருவகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் தொல்லை தருகிறது.

பள்ளி மீண்டும் திறந்தபோது அந்தச் சிறுவன் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பருவத்தை எட்டியிருந்தான். விடை சொல்வதாகக் கூறிய வாரம் கடந்து மாதங்கள் பல ஓடிவிட்டன. ஆசிரியர் அவனை நிறுத்தி, குளம் உடைந்த கதையைச் சொன்னார். மாகன் படையில் நின்ற தமிழரைச் சொன்னார்; அரிப்பிலிருந்து நடந்தவர்களைச் சொன்னார்; காப்பி இலையில் படிந்த பொடியைச் சொன்னார். அவன் கவனமாகக் கேட்டான்.

"அப்ப, எங்க பாட்டியோட அப்பா அடிச்ச எண்ணெயும் இந்தக் கதையில வருமா ஐயா?"

"வரும்" என்றார் ஆசிரியர்.

"புத்தகத்துல இருக்கா?"

அதற்கு அவர் விடை சொல்லவில்லை. பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்த பெயரை எடுத்துக் காட்டினார். சிறுவன் அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்தான். தன் கொள்ளுப்பாட்டியின் தந்தைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே மழை விட்டிருந்தது. கடைசி லயத்தின் பின்புறத்திலிருந்து, வாய்க்காலைத் தள்ளும் மண்வெட்டியின் ஓசை மேலே பள்ளிவரை கேட்டது.